நாய்க்கு வைக்கும் சோறு

நாய்க்குச் சோறு வைப்பதில் நமக்குள்ள தாராளம், என்ன வைக்கிறோம் என்று பார்ப்பதில் இல்லை. நாய்க்கு எதுவும் செரிக்கும் என்று ஒரு நம்பிக்கை.

சாம்பார் சாதத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். அதிலுள்ள வெங்காயம், நாயின் ரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூண்டும் அப்படித்தான். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே போதும். ஒரே வேளையில் அவ்வளவு தின்னாதே என்பீர்கள். தினம் கொஞ்சமாகத் தின்றாலும் கெடுதல்தான். ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறமாவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் நாய் சோர்ந்து படுத்தால், வெயில் என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம்.

உலர்ந்த திராட்சை இன்னும் பொல்லாதது. இவ்வளவு வரை தின்னலாம் என்று அதற்கு ஒரு கணக்கே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பாயசத்துக்கு வாங்கிய பொட்டலத்தை நாய் தின்றுவிட்டது. பாட்டி உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "நன்றாகத்தானே ஓடுகிறது?" என்றார் வீட்டுக்காரர். அவருடைய பெண் மட்டும் பேசவில்லை. பாட்டியின் கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். நாயையும் மிச்சப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று. உப்பு அதிகமானால் அதுவே நாய்க்கு விஷம். மயங்கிக் கிடக்கும் நாய்க்கு எதைப் புகட்டினாலும் அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

மிருக வைத்தியர் கேட்டது இவ்வளவுதான்: என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன? ஊசி போட்டு வாந்தியெடுக்க வைத்தார். சிறுநீரகம் கெடுவது ஓரிரண்டு நாளுக்குப் பிறகுதான் தெரியும் என்று, இரண்டு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார். நாய் பிழைத்தது.

சாக்லேட்டும் ஆகாது, கறுப்பு அதிகமாக ஆக ஆபத்தும் அதிகம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று செய்யும் சில மிட்டாய்களில் ஸைலிடால் என்ற இனிப்பு உண்டு. அதைத் தின்ற நாய்க்கு அரை மணியிலேயே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம்.

திராட்சையில் எது விஷம் என்பது வெகுகாலம் புரியாமலே இருந்தது. 2021-இல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் சிலர், அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்றார்கள். அந்த அமிலம் நிறைய இருக்கிற இன்னொரு பண்டம் நம்முடைய புளி! புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டிருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் வெறும் சோறும் வெந்த முட்டையும் தனியாக எடுத்து வைக்கிறார்கள். தெரு நாய் அதை முகர்ந்துவிட்டு, குழம்பு எங்கே என்று என்னை ஒரு பார்வை பார்க்கிறது.