பின்னால் வருபவனுக்காக ஒரு மட்கார்டு



மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டிய அன்றே எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் நட்பு என்றான், ஒருவன் தன்னம்பிக்கை என்றான், இன்னொருவன் ரோபோ என்றான். "நீ என்னடா எழுதப்போற?" என்று கேட்டார்கள். "சைக்கிள் மட்கார்டு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கலாம். சிரித்துவிட்டு முழுவதும் படியுங்கள். நான் செய்த ஒரு தப்பு இதில் இருக்கிறது. அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெண்ணாற்றுக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து கல்லூரிக்கு 9 கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ் உண்டு. அதில் படிக்கட்டில் தொங்கக்கூட இடம் கிடைக்காது. ஆகவே நாங்கள் ஐந்து பேரும் சைக்கிள்தான். என்னுடையது, பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள். அது வீட்டுக்கு வந்த அன்று அப்பா ஹேண்டில்பாரில் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் நிறுத்தி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கைநாட்டு. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். பிளஸ் டூ முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கலில் சேர்ந்தபோது தெருவே என்னை "இஞ்சினியர்" என்று கூப்பிட ஆரம்பித்தது. அந்தத் தலைக்கனத்தில்தான் எல்லாம் நடந்தது.

கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் கியர் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். தடித்த டயர், பளபளப்பான ஃபிரேம். மட்கார்டு இருக்காது. அவற்றுக்குப் பக்கத்தில் என் சைக்கிளை நிறுத்தியபோது ஒருவன், "என்னடா, பால்காரர் வண்டி மாதிரி இருக்கு" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

அந்த ஐப்பசியில் சாக்கும் ஒன்று கிடைத்தது. நடவு நேரத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள், கேஜ் வீலில் ஒட்டிய களிமண்ணை ரோடு முழுக்கக் கொட்டிக்கொண்டே போகும். ஒருநாள் அந்தக் களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டது. சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றது. அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்து இரண்டு மட்கார்டுகளையும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

"மழக்காலம் வருதே தம்பி, இப்பப் போயி மக்காட்டக் கழட்டுற?" என்றார் அப்பா.

"நான் இஞ்சினியரிங் படிக்கிறேன்பா. எனக்குத் தெரியாதா?"

அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஓர் ஆண்டு ஓடியது. நல்ல வெயிலில் மட்கார்டு இல்லாத சைக்கிளை யார் குறை சொல்லப்போகிறார்கள்? மழை நாட்களில் என் முதுகில் நடுக்கோடு போட்டதுபோல் சேறு ஏறும். அதையும் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் வருபவனை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மூன்றாம் ஆண்டு கார்த்திகை மாதம். கேம்பஸ் இன்டர்வியூ. எங்கள் ஐவரில் ஒருவன் எலக்ட்ரிகல். அவன் பெயர்தான் லிஸ்டில் வந்திருந்தது. அவன் அப்பா இல்லாத பிள்ளை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு அவன் போட்டிருந்தது, அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. சர்டிபிகேட்டுகளைப் பாலிதீன் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கேரியரில் கட்டியிருந்தான். மழை விட்டிருந்தது. ஆனால் ரோடு முழுக்கத் தண்ணீர், சேறு. எதிர்க்காற்று வேறு.

நான்தான் சொன்னேன்: "என் சக்கரத்த ஒட்டியே வாடா. காத்து நான் வாங்கிக்கிறேன். நீ வேர்க்காம வந்து சேரு."

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் ஒட்டி வருகிறவனுக்கு மிதிக்கும் சிரமம் குறையும். இது சைக்கிள் மிதிக்கிற எல்லோருக்கும் தெரியும். அவனும் ஒட்டியே வந்தான். 9 கிலோமீட்டரும் வந்தான். காற்றை நான் வாங்கிக்கொண்டேன். சேற்றை அவன் வாங்கிக்கொண்டான்!

கல்லூரி வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். சட்டையின் முன்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் களிமண். முகத்திலும் சேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சர்டிபிகேட் நனையலடா" என்றான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஏன்டா சொல்லல? தள்ளி வந்திருக்கலாம்ல?" என்றேன். "நீ எனக்காகக் காத்துல மிதிச்சிட்டுப் போற. உங்கிட்ட எப்படிடா சொல்றது?" என்றான்.

குழாயடியில் சட்டையை அலசினோம். வயல் களிமண் சாமானியத்தில் போகுமா? வெள்ளை மஞ்சளாகிப் பரவியது. என் சட்டையைத் தரலாமென்றால் நான் போட்டிருந்தது காக்கி ஒர்க்ஷாப் சட்டை. ஈரச் சட்டையோடுதான் அவன் உள்ளே போனான். சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். அவன் பெயர் இல்லை.

திரும்பி வரும்போது அவனே சொன்னான்: "ரெண்டு கேள்விக்குப் பதில் தெரியலடா. அதான். உன்னால இல்ல." அது உண்மையாகவே இருக்கலாம். ஈரச் சட்டையில் நடுங்காமல் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு பதிலும் ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. இந்தக் 'என்னவோ'தான் நண்பர்களே, இன்றுவரை என்னை விடவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். நமக்குத்தான் மெக்கானிக்ஸ் இருக்கிறதே! சுற்றுகிற சக்கரத்திலிருந்து விடுபடும் துளி தொடுகோட்டுத் திசையில் போகும். சைக்கிள் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால், விநாடிக்கு 5 மீட்டர். பின்சக்கரத்தில் அச்சு உயரத்தில் விடுபடும் துளி, சைக்கிளிலிருந்து பார்த்தால், நேர் மேலே போகும். வேகத்தின் வர்க்கத்தை 2 ஜி-யால் வகுத்தால் 1.27 மீட்டர். அச்சின் உயரம் சுமார் 0.35. ஆக மொத்தம் 1.6 மீட்டர். அதாவது ஏறக்குறைய முகத்தின் உயரம்!

அதைவிட முக்கியமான விஷயம் அடுத்து வந்தது. அச்சுக்கு மேலே விடுபடும் துளி முன்னோக்கி வரும். அதுதான் நம் முதுகில் கோடு போடுவது. அச்சுக்குக் கீழே விடுபடுவது பின்னோக்கிப் போகும். கிடைமட்டத்துக்கு 70 டிகிரியில் கிளம்பும் துளி சுமார் 1.35 மீட்டர் உயரம் ஏறும். அந்த உச்சியில் அது 0.8 மீட்டர் பின்னால் இருக்கும். ஒட்டி வருகிறவனின் சட்டைப் பாக்கெட் இருக்கும் இடம் அதுதான். காற்றுத் தடையை நான் சேர்க்கவில்லை. எதிர்க்காற்று அடித்தால் துளி இன்னும் பின்னால்தான் போகும்.

ஆக, மட்கார்டின் மேல்பாதி காப்பாற்றுவது ஓட்டுகிறவனை. கீழ்ப்பாதி காப்பாற்றுவது பின்னால் வருகிறவனை. கியர் சைக்கிளுக்கென்று கடையில் விற்கும் குட்டிப் பிளாஸ்டிக் மட்கார்டு நம் முதுகுக்கு மட்டும்தான் உதவும்.

விடிந்ததும் பரணில் ஏறினேன். மட்கார்டைக் காணோம்! கீழே அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதைத்தான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை அம்மாவிடம் நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் நோட்டைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நாங்க நாத்துக்கட்ட ஏத்திக்கிட்டு வரிசையா போவோம். மக்காடு இல்லாதவன் கடைசில வரணும். அதுதான் எங்க கணக்கு."

ஒன்றரைப் பக்கம் நான் போட்ட கணக்கு! பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மழையும் சகதியுமாக இருக்குமாம். அங்கே பல சைக்கிள் கிளப்புகள், கூட்டமாகப் போகும் சவாரிக்கு நீளமான மட்கார்டு போட்டு வரச் சொல்கின்றன. இல்லாதவர்கள் வரிசையில் கடைசியாக வரவேண்டும். கைநாட்டுப் போடும் எங்கள் அப்பாவின் சட்டமும் அதேதான். "எனக்குத் தெரியாதா?" என்று அவரிடம் கேட்ட வாயை எங்கே வைத்துக்கொள்வது?

சரி, மட்கார்டு வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களையும் பார்ப்போம். நானே சொன்ன காரணங்கள்தானே!

எடை கூடும் என்பார்கள். ரேஸ் சைக்கிளில் மட்கார்டு இல்லாதது அதனால்தான். ஆனால் நாம் ரேஸுக்கா போகிறோம்? நம் டிராயிங் போர்டும் டிபன் கேரியரும் அதைவிட எடை.

கடகடவென்று சத்தம் வரும் என்பார்கள். நட்டு தளர்ந்திருந்தால் வரும். பழைய டியூபை வாஷர் மாதிரி வெட்டி இடையில் கொடுத்து முடுக்கினால் அடங்கிவிடும்.

களிமண் அடைக்கும் என்பது மட்டும் நியாயமான காரணம். அதற்கும் அப்பா வழி சொன்னார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். வாஷர் கொடுத்தால் அது முடியும். ஒரு மூங்கில் சிம்பைக் கேரியரில் செருகிக்கொண்டால், அடைத்தாலும் குத்தி எடுத்துவிடலாம். வழியெல்லாம் சேறு என்றால் கழற்றுவதில் தப்பில்லை. அப்படிக் கழற்றினால் கடைசி ஆளாக வாருங்கள்.

அழகாக இல்லை என்பது கடைசிக் காரணம். இதற்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒருவன் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கழற்றியவன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து சைக்கிள்களும் எங்கள் வாசலுக்கு வந்தன. காலி ஆயில் கேனை வெட்டி, ஒவ்வொரு பின்மட்கார்டின் நுனியிலும் இரண்டு போல்ட் போட்டு மாட்டினோம். தரையிலிருந்து நான்கு விரல் உயரம் வரை தொங்கும். ஐந்து சைக்கிளுக்கும் போல்ட், நட்டு செலவு மட்டும்தான். எலக்ட்ரிகல் நண்பனுடைய சைக்கிளுக்கு நானே மாட்டினேன். எதற்காக என்று அவனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் மழை. "நான் உன் பின்னாடியே வர்றேன்டா" என்று அவனே சொன்னான். வழியெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய், ஒரு பள்ளத்தில் விட்டுக் கீழே விழத் தெரிந்தேன்! கல்லூரி வாசலில் அவன் சட்டை சுத்தமாக இருந்தது. அடுத்த இன்டர்வியூவுக்கு அவன் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறான். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் இப்போது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

இந்த ஆண்டு என் தங்கை பிளஸ் ஒன். அவளுக்கும் சைக்கிள் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் வரை எங்கள் வரிசையில் ஆறாவது ஆளாக வருகிறாள். நான் முதல் ஆள். எங்கள் வீட்டில் முதலில் போகிறவன் நான், அடுத்து வருகிறவள் அவள். முன்னால் போகிறவனுக்குத் தன் சக்கரம் என்ன வாரி இறைக்கிறது என்று தெரிவதில்லை நண்பர்களே. பின்னால் வருகிறவர்களும் மரியாதைக்காகச் சொல்லமாட்டார்கள். நாம்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் சைக்கிளையும் ஒரு தடவை பின்னால் போய் நின்று பாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை