ஐந்து பென்சில்

சோபியா நகரில் தொழில் செய்யும் பழைய மாணவன் ஒருவன் ஓர் இரவு தொலைபேசியில் பேசினான். பல்கேரிய மொழி வகுப்புக்குப் போகிறானாம்.

"ஐந்து பென்சில் எண்டு சொல்லத் தெரியாம இண்டைக்கு ஏச்சு வாங்கினேன் சேர். ஆனா கடையில அந்த ஊர் ஆக்களே நான் சொன்ன மாதிரித்தான் சொல்றாங்க" என்றான்.

மொழி படிப்பிப்பவனை இப்படியொரு கேள்வி சும்மா விடுமா? இலக்கண நூல்களைத் தேடி வாசித்தேன்.

பல்கேரிய மொழியில் பென்சில் 'மொலிவ்', பன்மை 'மொலிவி'. நிறையப் பென்சில்கள் என்றால் 'ம்னோகோ மொலிவி'. ஆனால் ஐந்து என்று எண் வந்துவிட்டால் 'பெத் மொலிவா' என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணுக்கென்றே ஒரு தனி வடிவம். அதுவும் எல்லாப் பெயருக்கும் இல்லை. மெய்யொலியில் முடியும் ஆண்பாற் பெயர்களுள் மனிதரைக் குறிக்காதவற்றுக்கு மட்டுமே. புத்தகம் அங்கு பெண்பால்; ஆகவே 'பெத் க்னிகி' என வழமையான பன்மை. மாணவன் ஆண்பால், ஆனால் மனிதன். ஆகவே 'த்வாமா ஸ்துதெந்தி', அதுவும் பன்மையே.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? பழைய பல்கேரிய மொழியில் ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண் இருந்தன. மத்ரஸாவில் நஹ்வு படித்தவர்களுக்கு இது புதிதல்ல: கிதாபுன், கிதாபானி, குதுபுன். காலப்போக்கில் அங்கே இருமை அழிந்தது. இரண்டுக்கு உரிய ஈறு மட்டும் மிஞ்சி, மூன்று, ஐந்து, நூறு என எல்லா எண்ணோடும் ஒட்டிக்கொண்டது. இருமை என்ற பொருளே போய்விட்டதால், பேசுபவனின் மனம் தான் நன்கறிந்த பன்மையைத் தேடுகிறது. 'பெத் மொலிவி' என்று வாய் தவறுகிறது. எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே 'புதிய' என்றொரு அடைமொழி புகுந்தால் தவறுவது இன்னும் எளிது. போதாக்குறைக்கு, எழுவாய் அல்லாத இடத்தில் 'அந்தப் பென்சில்' என்பதும் 'மொலிவா'தான்.

இன்னொரு பிழையும் உண்டு. பள்ளியில் திருத்தப்பட்டவன் எச்சரிக்கை மிகுந்து, மாணவர்களையும் 'த்வாமா ஸ்துதெந்தா' என்று சொல்லிவிடுகிறான். முதற் பிழை பழக்கத்தால் வருவது. இரண்டாவது பயத்தால் வருவது.

இதை வாசித்தபோது என் நெஞ்சில் ஒன்று தைத்தது. ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளிவந்த புதிதில், 'வயலில் ஐந்து மாடு நின்றது' என்று எழுதிய ஒரு பிள்ளையின் கொப்பியில் 'மாடு', 'நின்றது' என்ற இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் வெட்டினேன். 'நின்றன' என்று திருத்தியது சரி. ஆனால் 'மாடு' என்ன பிழை செய்தது? 'ஐந்து மாடு நின்றன' என்பதே நல்ல தமிழ். அஃறிணைப் பெயர் 'கள்' பெற்றும் வரும், பெறாமலும் வரும் என்பது தொல்காப்பியர் காலத்து வழக்கு. நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்பதும் இதைத்தான். அந்தப் பிள்ளைக்கு அது தாய் சொல்லித் தந்த தமிழ். நான்தான் சரியையும் பிழையையும் ஒரே கோட்டில் வெட்டினேன்.

அதன் பிறகு அந்தப் பிள்ளை கட்டுரைகளில் 'பத்து ரூபாய்கள்', 'மூன்று நாள்கள் மழைகள்' என்று எழுதத் தொடங்கியதும் ஞாபகம் வருகிறது. அப்போது அதற்கும் புள்ளி குறைத்தேன். அது நான் விதைத்த பயம் என்று இன்றுதான் விளங்குகிறது.

இப்போதும் சிவப்புப் பேனை என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் வெட்டுவதற்கு முன்னர் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து, "ஏன் மகன் இப்படி எழுதினீங்க?" என்று கேட்கிறேன். பல நாட்களில் பிள்ளையிடம் காரணம் இருக்கிறது. சில நாட்களில் பிழை என்னிடம் இருக்கிறது.