மீண்டும் கொதித்த சூப்

இத்தாலியில் தஸ்கனி நாட்டுப்புறத்து உழவர்களின் சூப் ஒன்றுக்கு ரிபொல்லித்தா என்று பெயர். 'மீண்டும் கொதித்தது' என்பது அதன் பொருள். முதல் நாள் மிஞ்சியதை மறுநாள் கொதிக்கவைத்து உண்பதால் வந்த பெயர் அது.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த இத்தாலிய அம்மையார் ஒருவர் தம் பாட்டியின் முறையைச் சொல்லச் சொல்ல, நான் சமைத்தேன். இரவெல்லாம் ஊறிய வெள்ளைப் பீன்ஸைத் தளதளவென்று பத்து நிமிடமாவது கொதிக்க விடவேண்டும். அப்போதுதான் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியும். அது குழைய வெந்ததும், ஆலிவ் எண்ணெயில் வதக்கிய வெங்காயம், காரட், செலரியோடு முட்டைக்கோசும் சேர்த்தோம். கடைசியில் காய்ந்த ரொட்டித் துண்டுகள். மறுநாள் ரொட்டி ஊறிக் கூழாய் இறுகியிருந்தது. சூடாக்கியதும் சுவை இரட்டித்தது.

"எத்தனை கிராம்?" என்று இடையில் கேட்டேன்.

"பாட்டி அளந்ததுமில்லை, எழுதியதுமில்லை. இப்போது அவரும் இல்லை. என் கைக்கு நினைவிருக்கும் வரைதான் இந்தச் சூப்" என்றார். மில்லிகிராம் வரை நிறுத்துப் பழகிய எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

நண்பர்களே! காய்ந்த ரொட்டியையும் வீணாக்காத ஏழைத் தாய்மார் கண்ட அறிவு இது. எழுதாவிட்டால் கையோடு மறைந்துவிடும். விடுமுறையில் ஊர் சென்றால், குறிப்பேட்டோடு அன்னையின் அடுப்பருகே அமருங்கள். நானும் அமரப்போகிறேன்.