எந்த யுத்தத்தில் சண்டை போட்டது?

பீடத்தில் ஏற்றி வைத்த ராணுவ விமானத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இது எந்த யுத்தத்துல சண்டை போட்டது?" நாட் விமானமாக இருந்தால் 1965 என்று சொல்லிவிடலாம். ஹண்டராக இருந்தால் 1971, லோங்கேவாலா. மிக்-21 என்றால் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். பயிற்சி விமானத்தின் முன்னால் இந்தக் கேள்வி வரும்போதுதான் பதில் சொல்கிறவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கிரண் ஒன்று நிற்கிறது. விமானப்படை கழித்துக் கொடுத்த பயிற்சி ஜெட். அதன் அடியில் வைக்கப் பலகை ஒன்று எழுதித்தர வேண்டும் என்று கேட்டார்கள். நீளம் 10.6 மீட்டர், இறக்கை வீச்சு 10.7 மீட்டர் என்பதெல்லாம் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. அது எல்லாக் கிரணுக்கும் பொது. இந்த ஒரு விமானத்தின் கதை என்ன என்பதுதான் வேண்டும்.

அதன் வர்ணமே முதலில் குழப்பியது. சூர்ய கிரண் சாகசக் குழுவைப் போலச் சிவப்பும் வெள்ளையும் பூசியிருந்தார்கள். 1996-ல் பீதரில் தொடங்கிய குழு அது. ஒன்பது விமானங்கள் ஒட்டினாற்போல் பறப்பதைத் தொலைக்காட்சியிலாவது பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் குழு ஓட்டியது கிரண் மார்க் 2. மார்க் 2-வின் மூக்கில் இரண்டு 7.62 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு, இறக்கைகளுக்குக் கீழே ஆயுதம் மாட்ட நான்கு இடங்கள். இந்த விமானத்தின் மூக்கோ வழுவழுவென்று இருக்கிறது. இறக்கையைக் கீழேயிருந்து எத்தனை தடவினாலும் கொக்கி மாட்டிய தடமே இல்லை. ஆக இது மார்க் 1, ஆயுதமே தரிக்காத முதல் ரகம். சூர்ய கிரணோடு ஒரு நாளும் பறந்திருக்க வழியில்லை. யாரோ அழகுக்காகப் பூசியிருக்கிறார்கள்.

கிரண் பிறந்தது பெங்களூரில், ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையில். வி.எம். காட்கே தலைமையில் வடிவமைத்தார்கள். அதே வளாகத்தில் ஜெர்மானியரான கர்ட் டாங்க் மாருத் போர் விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. கவனமெல்லாம் மாருத் மேல்தான். கிரண் 1964 செப்டம்பர் 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். மாருத்தை முதலில் பறக்கவிட்டவரும் அவர்தான். 1970 ஜனவரியில் ஒரு மாருத்திலேயே இறந்தும் போனார். பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அதில் தினமும் நெரிசலில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியுமோ.

கிரணுக்கு முன் பயிற்சிக்கு இருந்தது வாம்பயர். அதன் விமானி அறை மரத்தால் ஆனது. கேட்டால் நம்ப மாட்டார்கள். கிரண் முழுக்க உலோகம். 2,500 பவுண்டு உந்துவிசை தரும் பிரிட்டிஷ் வைப்பர் எஞ்சின், மார்ட்டின்-பேக்கர் எஜெக்ஷன் சீட்டுகள். வாம்பயரைப் போலவே இதிலும் மாணவனும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். முன்னும் பின்னுமாக உட்காரும் விமானங்களில் ஆசிரியர் வெறும் குரல்தான். இதில் தோளோடு தோள் உரசும். மார்க் 1, மார்க் 1ஏ இரண்டும் சேர்த்து 190, பிறகு மார்க் 2 ரகத்தில் 61 செய்தார்கள்.

இவ்வளவும் புத்தகத்தில் கிடைக்கும். அந்த 190-ல் நம்முடையது எது என்பது கிடைக்காது. விமானப்படை எண் வாலருகே இருக்க வேண்டும். ஆங்கில 'யு' எழுத்தும் அதைத் தொடர்ந்து இலக்கங்களும். கிரண்களுக்கு அப்படித்தான். புதுப் பெயிண்ட் அதை விழுங்கிவிட்டது. விமானி அறையில் இருந்திருக்க வேண்டிய உலோகத் தகட்டை எவரோ நினைவுப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு ரிவெட் ஓட்டைகள்தான் மிச்சம். கழிக்கும்போது கூட வந்த காகிதங்களைக் கல்லூரி எந்த அலமாரியில் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

வழி காட்டியவர் சேலையூரில் இருக்கும் ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவர். தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இருக்கிறது; ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஓட்டக் கற்பிக்கக் கற்றுத்தரும் இடம். இவர் அங்கே பயின்று, அங்கேயே பயிற்றுவித்து, பிறகு ஊரைவிட்டுப் போக மனமில்லாமல் வீடு கட்டிக்கொண்டவர். "பெயிண்டைச் சுரண்டாதீங்க தம்பி," என்றார். "பேனல்களைக் கழட்டி உள்பக்கம் பாருங்க."

உண்மைதான். சர்வீஸுக்கு வரிசையாக விமானங்கள் நிற்கும்போது கழற்றிய மூடிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாதிருக்க, மெக்கானிக்குகள் ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் விமான எண்ணின் கடைசி இலக்கங்களை எழுதிவைப்பது வழக்கம். திருமணப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவதைப் போல. கழற்றிய மூடிகளில் பெரும்பாலானவை ஒரே எண்ணைச் சொன்னன. ஒன்று மட்டும் வேறு எண் சொன்னது. அதை அப்போது ஒதுக்கி வைத்தோம்.

எண் கிடைத்ததும் பெரியவர் உள்ளே போய்த் தன் லாக்புக்குகளை எடுத்து வந்தார். ராணுவ விமானி பறந்த ஒவ்வொரு முறையும் தேதி, விமான ரகம், விமான எண், கூடப் பறந்தவர், செய்த பயிற்சி, நேரம் எல்லாம் அதில் ஏறும். போர் விமானத்தின் வரலாறு ஸ்குவாட்ரன் ஆவணங்களில் இருக்கும், பத்திரிகைகளில் இருக்கும், சிலசமயம் எதிரி எழுதிய புத்தகத்திலும் இருக்கும். பயிற்சி விமானத்தின் வரலாறு நூற்றுக்கணக்கான பேருடைய பெட்டிகளில், வரி வரியாகச் சிதறிக் கிடக்கிறது. சேர்த்துப் படித்தவர் எவருமில்லை. அதனாலேயே அதற்கு வரலாறு இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

எங்கள் விமானம் அவருடைய புத்தகங்களில் பல பக்கங்களில் வந்தது. நாற்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம், பெரும்பாலும் ஸ்பின். விமானத்தை வேண்டுமென்றே வேகம் இழக்கவிட்டு, சுழன்று விழச் செய்து, அதிலிருந்து மீளக் கற்பிப்பது. "கிரண் இதுல தங்கம்," என்றார். "விழும்போதும் ஒழுங்கா விழும். பையன் பயந்து ஸ்டிக்கை இறுக்கிப் பிடிச்சா முழங்கையால ஒரு தட்டு. பக்கத்துலயே உட்கார்ந்திருக்கோமில்ல."

அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கிரணுக்கு மாற்றாகத் திட்டமிட்ட விமானத்தைப் பார்த்தால் விளங்கும். ஹெச்.ஜே.டி.-36 முதலில் பறந்தது 2003-ல். ஸ்பின்னிலிருந்து மீள்வதில் சிக்கல், மறுவடிவமைப்பு என்று வருஷங்கள் போயின. இதற்கிடையே தொடக்கப் பயிற்சிக்கு இருந்த ஹெச்.பி.டி.-32 விமானங்களை 2009-ல் நடந்த விபத்துக்குப் பின் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சுமையும் கிரண் தலையில் விழுந்தது. பயிற்சிக்கு விமானம் போதாமல் 2011-ல் சூர்ய கிரண் குழுவையே நிறுத்திவைத்து, அதன் விமானங்களையும் வகுப்பறைக்கு அனுப்பினார்கள். 2016-ல் விமானப்படையின் முதல் மூன்று பெண் போர் விமானிகள் ஹக்கிம்பேட்டையில் பயின்றதும் கிரணில்தான். அந்த வடிவம் முதலில் பறந்தபோது அவர்களின் பெற்றோரே சிறுபிள்ளைகளாக இருந்திருப்பார்கள்.

பயிற்சி விமானம் என்றால் சாது என்றும் எண்ணிவிடக் கூடாது. மார்க் 2-வில் நாட் விமானத்தின் ஆர்ஃபியஸ் எஞ்சினை விசை குறைத்துப் பொருத்தியபோது துப்பாக்கியையும் சேர்த்தே வைத்தார்கள். இலங்கை விமானப்படை பயிற்சிக்காக வாங்கிய ஜெட் புரொவோஸ்டுகள் 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டு, சொந்த நாட்டு இளைஞர்கள் மேல் சுட்டன. "எந்த யுத்தத்துல" என்ற கேள்விக்கு அவற்றுக்குப் பதில் உண்டு. எங்கள் கிரணுக்கு இல்லை. எனக்கு அதில் குறையேதும் தோன்றவில்லை. பலகையில் ஸ்பின் பற்றித்தான் எழுதினேன். வர்ணத்தை மட்டும் மாற்ற மாட்டோம் என்றது நிர்வாகம். சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் அந்தச் சிவப்பு ஏறிவிட்டதாம்.

ஒதுக்கி வைத்த மூடி மிச்சம் இருந்தது. அதன் எண்ணைப் பெரியவர் தன்னோடு பயின்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அழைத்தார். ஜெட்டில் தான் முதன்முதலாகத் தனியாகப் பறந்தது அந்த எண் விமானத்தில்தான் என்றார். லாக்புக் பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார். பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "மூடி உங்ககிட்ட இருக்கு, சரி. என் விமானம் எங்கே?"