அவிநாசிபாளையத்து மிஸ்

வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வேலை என்றதும் எல்லோர் மனதிலும் வருவது ஒரு வெள்ளைக்காரர்தான். தோளில் ஒரு பை, கையில் ஒரு பாஸ்போர்ட், போலந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். அது உண்மையும் கூட. 1989-ல் போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்ததும், பள்ளிகளில் கட்டாயமாக இருந்த ரஷ்ய மொழி பின்னுக்குப் போனது. எல்லோருக்கும் இங்கிலீஷ் வேண்டும், சொல்லிக் கொடுக்க ஆள் போதவில்லை. 1990 முதல் 2001 வரை அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு அங்கே ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

தமிழர்களும் வாத்தியார் வேலைக்குப் போலந்து போயிருக்கிறார்கள். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி 1980-களில் வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தவர். அந்த அனுபவத்திலிருந்துதான் 'ஏசுவின் தோழர்கள்' நாவல் வந்தது.

ஆனால் அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு டீச்சர் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கக் கடல் தாண்டிப் போனார் என்றால் நம்புவீர்களா? போலந்துக்கு இல்லை, மாலத்தீவுக்கு. நாவல் எல்லாம் எழுதவில்லை. எட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார், அவ்வளவுதான்.

அவிநாசிபாளையம் தெரியாதவர்களுக்காக: அவிநாசியும் அவிநாசிபாளையமும் ஒன்றல்ல. அவிநாசி திருப்பூருக்கு வடக்கே. அவிநாசிபாளையம் தெற்கே, தாராபுரம் போகும் ரோட்டில். கோவை - திருச்சி ரோடு குறுக்கே வெட்டும் இடம். மேற்கே போனால் பல்லடம், கிழக்கே போனால் காங்கேயம். காலையில் ரோட்டில் நின்றால் பனியன் கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும்.

அந்த வேனில் ஏறாமல் பி.எட். படித்தவர் இந்த டீச்சர். எம்.ஏ. இங்கிலீஷ் வேறு. பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, எல்லோரும் "டீச்சர் டீச்சர்" என்று வணக்கம் வைப்பார்கள். ஆனால் சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்கும் பவர் டேபிள் டெய்லர் நான்கு வாரத்தில் வாங்குவதை டீச்சர் ஒரு மாதத்தில் வாங்கியதில்லை! திருப்பூர்ப் பக்கம் இது ரகசியம் ஒன்றும் இல்லை. "இத்தன படிச்சுப்போட்டு இதுக்குத்தானா அம்மிணி?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர், அவர் சம்பளத்தில் வீடு ஓடியது.

2011 ஜனவரியில் அது நின்றது. நொய்யல் ஆற்றில் கழிவைக் கலக்கக்கூடாது என்ற உத்தரவைச் சாயப்பட்டறைகள் நிறைவேற்றவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே சமயத்தில் மூடப்பட்டன. நதியைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தீர்ப்பைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். டீச்சரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் கடன் இருந்தது, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்து பட்டறைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் வரை காத்திருக்க வட்டிக்காரருக்குப் பொறுமை இல்லை.

ஒரு ஏஜென்சி மூலமாக மாலத்தீவு வேலை வந்தது. அங்கே பள்ளிகளில் பாடமெல்லாம் இங்கிலீஷில்தான். பத்தாம் வகுப்புக்கு லண்டன், கேம்பிரிட்ஜ் பக்கத்துப் பரீட்சை. உள்ளூர் ஆசிரியர்கள் போதாமல், கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பல வருடங்களாக ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு மாதம் வாங்குவது இங்கே நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். "ரெண்டே வருசம்" என்று முடிவானது. குழந்தையை அம்மா வீட்டில் விட்டார்கள். "நீ போயிட்டு வா கண்ணு, புள்ளைய நாம் பாத்துக்கறேன்" என்றார் அம்முச்சி.

திருப்பூரில் இரவு ரயில், திருவனந்தபுரத்திலிருந்து விமானம். பிறகு படகு. இறங்கிய தீவை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். வெள்ளை மணல் தெரு, பவளக்கல் சுவர், நான்கு பக்கமும் கடல். சினிமாவில் வரும் மாலத்தீவு வேறு, அது ரிசார்ட் தீவு. இது ஜனங்கள் இருக்கும் தீவு. நாய் கிடையாது, அந்த நாட்டில் நாய் வளர்க்கத் தடை. டீச்சருக்கு ஆச்சரியம் அதில் இல்லை. ஊரில் ஒரு மாடு கூட இல்லை! காங்கேயம் மாடுகளைப் பார்த்து வளர்ந்தவர். அங்கே டீக்கு டின் பால், இல்லையென்றால் பவுடர். பாடப் புத்தகத்தில் மாடு வந்த அன்று போர்டில் ஒரு காங்கேயம் காளையையே வரைந்து காட்டினார், திமிலோடு. பிள்ளைகள் திமிலைப் பார்த்து ஒட்டகமா என்று கேட்டார்கள்.

சாப்பாடு இன்னொரு கதை. காலையில் சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்த 'மஸ் ஹுனி', தொட்டுக்கொள்ள ரொட்டி. மதியம் 'கருதியா' என்கிற மீன் ரசம். நம்மூரில் மாசிக் கருவாடு என்று விற்கிறதே, அதற்குச் சொந்த ஊர் இதுதான். வெள்ளிக்கிழமை விரதம் இருந்து பழகிய டீச்சர் முதல் மூன்று மாதம் பருப்பும் சோறும்தான். வழிபாட்டுக்கான சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. சிவன்மலை முருகன் போனில் ஒரு போட்டோவாக இருந்தார். கிருத்திகை அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் போட்டோவைத் திறந்து பார்ப்பார்.

வகுப்பில் யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அங்கே பேசுவது திவேஹி மொழி. எழுதுவது தானா எழுத்து, வலமிருந்து இடமாக. நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறக்கும் பிள்ளைகள், அடுத்த பீரியடில் இங்கிலீஷுக்கு முன்பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். ஒரே நோட்டில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்து நடுவில் இரண்டு மொழியும் முட்டிக்கொள்ளும். டீச்சர் திட்ட ஆரம்பித்து, சிரித்துவிட்டார்.

முதல் நாள் தாகம். தண்ணீர் எங்கே என்று கேட்கத் தெரியவில்லை. சைகை காட்டினார். முன் பெஞ்சில் இருந்த ஒரு வாண்டு எழுந்து, "ஃபென், மிஸ், ஃபென்!" என்றான். டீச்சர் அவசரத்தில் "பென்" என்றார். அவன் பேனாவை எடுத்து நீட்டினான்! வகுப்பே சிரித்தது. பிறகு அவன் டீச்சரை மூன்று முறை சொல்ல வைத்தான். ஃபென், ஃபென், ஃபென். சரியாக வந்ததும் "ரங்களு" என்றான். நல்லது என்று அர்த்தம். எம்.ஏ. படித்த ஒருவருக்கு இரண்டாம் வகுப்புப் பையன் 'குட்' போட்டான். ஒரு மொழி தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று பி.எட்.டில் யாரும் சொல்லித் தரவில்லை, அன்றைக்குத்தான் புரிந்தது என்பார் டீச்சர்.

கஷ்டம் பள்ளி விட்ட பிறகுதான். கடிகாரத்தில் இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் வாரம் வேறு. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். இங்கே ஞாயிறுதான் விடுமுறை. டீச்சர் சும்மா இருக்கும் வெள்ளிக்கிழமை குழந்தை பள்ளியில் இருக்கும். குழந்தை வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வகுப்பில் இருப்பார். மற்ற நாட்களில் நோட்டுத் திருத்தி முடித்துக் கூப்பிட்டால், "இப்பத்தான் தூங்குச்சு அம்மிணி, எழுப்பட்டுமா?" என்பார் அம்முச்சி. "வேண்டாங்கம்மா" என்று வைத்துவிடுவார்.

பணம் அனுப்புவதும் லேசில்லை. சம்பளம் ருஃபியாவில் வரும். வங்கிக் கணக்குப்படி ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. ஆனால் அந்த விலைக்கு டாலர் கிடைக்க வேண்டுமே! வெளியே வாங்கினால் விலை அதிகம். அப்படியும் மாதா மாதம் பணம் வந்தது. முதலில் வட்டி அடைந்தது, பிறகு அசல். அதன் பிறகு தார்சு வீடு. "ரெண்டே வருசம்" நான்கானது, நான்கு ஆறானது. ஒவ்வொரு முறையும் "இந்த ஒரு வருசம் மட்டும்" என்றுதான் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்.

குழந்தைக்கு ஏழு வயதானபோது நடந்தது இது. இங்கிலீஷ் வரட்டும் என்று வாரம் ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருந்தார் டீச்சர். வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்து அனுப்புவார். அந்த வாரக் கடிதம் ஆண்டு விழா பற்றியது. பட்டாம்பூச்சி வேஷம் போட்டது, மேடையில் ஒரு இறக்கை கழன்று விழுந்தது, எல்லோருடைய அம்மாவும் வந்திருந்தது. கடைசி வரியில், அம்மா உன்னை மிஸ் பண்ணினேன் என்று எழுதியிருந்தது. 'மிஸ்' என்ற இடத்தில் ஒரு எஸ் குறைவு.

டீச்சர் அப்போது நாற்பது நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். அந்தக் கையோடு பதில் அனுப்பினார்: இரண்டு எஸ் வரும். பட்டாம்பூச்சிக்கு இரண்டு டி. ஆண்டு என்பதற்கு இரண்டு என். மூன்று தப்பு, அடுத்த முறை கவனம்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையே போனில் வந்தது. "மார்க் எவ்வளவும்மா?" என்று கேட்டது. கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே மார்க்கைத்தான் கேட்டது. போனை வைத்த பிறகுதான் டீச்சர் அந்தக் கடிதத்தை முதல் முறையாகப் படித்தார். அதற்குப் பிறகு கடிதம் வருவது குறைந்தது. ஒரு நாள் நின்றும் போனது.

2020-ல் கொரோனா வந்தது. விமானம் இல்லை, படகு இல்லை, பள்ளி இல்லை. கடலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர இந்தியக் கடற்படை 'சமுத்திர சேது' என்ற பெயரில் கப்பல்களை அனுப்பியது. ஜூன் 7-ம் தேதி ஐ.என்.எஸ். ஜலஷ்வா மாலேயிலிருந்து 700 பேரோடு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அதில் டீச்சரும் ஒருவர். ஊருக்குள் வரும்போது எதிர்ப்பக்கம் வேறொரு கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தது. திருப்பூர் கம்பெனிகளில் வேலை பார்த்த ஒடிசா, பீகார் ஆட்கள், மூட்டையோடு, சிறப்பு ரயில்களில். பிழைக்கப் போனவர் திரும்புகிறார், பிழைக்க வந்தவர்கள் போகிறார்கள். அந்த மூட்டைகளின் கனம் தனக்குத் தெரியும் என்பார் டீச்சர்.

தனிமைப்படுத்தல் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மகளுக்குப் பதின்மூன்று வயது. "வாங்கம்மா" என்றாள். உறவினரை வரவேற்பது போல மரியாதையான "வாங்க". அன்று இரவு அம்முச்சி பக்கத்தில்தான் படுத்துக்கொண்டாள்.

டீச்சர் மறுபடி போகவில்லை. கடன் இல்லை, வீடு இருக்கிறது. ஆனால் எட்டு வருடத்தை எந்த வங்கி வழியாகவும் திருப்பி அனுப்ப முடியாது. இதைத் தப்பு என்றோ சரி என்றோ சொல்வது எளிது. போகாமல் இருந்திருந்தால் வட்டியை யார் கட்டியிருப்பார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

இப்போது டீச்சர் பொழுதோட வீட்டு வாசலில் ட்யூஷன் எடுக்கிறார். போன ரயில்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள், இந்த முறை குடும்பத்தோடும் சிலர். பனியன் கம்பெனிக் குடியிருப்பிலிருந்து ஒரு ஒடியாக் குழந்தை வருகிறது. தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. முதல் நாள் மூலையில் உட்கார்ந்தே இருந்தது. டீச்சர் சொம்பைக் காட்டி, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார். ரொம்ப நேரம் கழித்து, "பாணி" என்றது. டீச்சர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார். அது திருத்தியது. மறுபடி தப்பாகச் சொன்னார், மறுபடி திருத்தியது. மூன்றாவது முறை சிரித்துவிட்டது. (அந்த 'ஃபென்'னும் இந்த 'பாணி'யும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் என்கிறார்கள் மொழியியல் படித்தவர்கள்.)

மகள் கோவையில் காலேஜ், ஹாஸ்டல் வாசம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில், அதிலும் பாதி எழுத்தை முழுங்கிவிட்டு, மெசேஜ் அனுப்புவாள். போன வாரம் ட்யூஷன் நடுவே ஒன்று வந்தது. பரீட்சை முடிந்தது, மெஸ் சாப்பாடு சரியில்லை, கடைசியில் 'மிஸ் யூ'. ஒரே ஒரு எஸ்.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம வந்துரு கண்ணு" என்று மட்டும் அனுப்பினார்.