தோலுக்கடியில் பொரி

எம்பஸீமா என்ற சொல்லோடு எனக்கிருந்தது வெறும் அகராதிப் பரிச்சயம். கிரேக்க மூலத்தில் ஊதி நிரப்புவது என்று பொருள். பீடி, சிகரெட்டால் நுரையீரலின் நுண்ணறைகள் சிதைகிற நோய்க்கும் அந்தப் பெயர். விலா முறிந்து, நுரையீரலிலிருந்து கசிந்த காற்று தோலுக்கடியில் வந்து தங்குவதற்கும் அந்தப் பெயர். முதலாவது வருஷக்கணக்கில் ஊர்ந்து வரும், திரும்பிப் போகாது. இரண்டாவது மணிக்கணக்கில் வரும், காரணத்தைச் சரி செய்தால் தானே போகும். பாஷை விநோதம் என்று ரசித்துவிட்டுப் போயிருப்பேன், மாமாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்தச் சொல் எழுதப்படாமல் இருந்திருந்தால்.

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அறுவடையானால் தார்ச்சாலையில் பாதி களமாகிவிடும். தை மாதத்தில் ஒரு ராத்திரி, அரியலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மாமாவின் வண்டி காயப்போட்டிருந்த சோளத்தில் சறுக்கியது. மதகுக் கட்டையில் இடது நெஞ்சு மோத விழுந்தார். நாலு விலா. அன்றிரவு வலி மட்டும்தான். விடிந்தபோது அவருக்குக் கழுத்து இல்லை. தாடையும் தோளும் ஒன்றாகியிருந்தன. இமைகள் உப்பிக் கண்ணை மூடிவிட்டன. குரல் மூக்கால் வந்தது. தோளைத் தொட்ட அத்தை வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். "தோலுக்கு அடியில பொரி கொட்டி வெச்ச மாதிரி இருக்குது தம்பி."

இங்கிலீஷ் மருத்துவ நூல்களில் இந்த நொறுங்கலுக்கு, உறைபனியை மிதிப்பது போல என்று ஓர் உவமை உண்டு. நம் டாக்டர்கள் அதைப் படித்துத்தான் பாஸ் செய்கிறார்கள். பனி மிதித்த கால் அவர்களில் எத்தனை பேருக்கு? கவிதையில் இரவல் உவமை பற்றி நாம் எழுதித் தீர்த்தாயிற்று. ஐந்தாவது வரை படித்த அத்தை, விரல் நுனியில் பட்டதைச் சொன்னாள். (எனக்குத் தோன்றியது புது நோட்டுக் கட்டு. காஷ் கவுண்டர் புத்தி. சத்தம் சரி, உள்ளிருக்கும் பொய்மை அதில் வரவில்லை.)

சீட்டில் 'ஸர்ஜிகல் எம்பஸீமா' என்றிருந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் முதல் சொல்லை ஆபரேஷன் என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாவதை மட்டும் செல்போனில் தேடி, புகைப்பவர்களுக்கு வருவது, குணமாகாது என்று வராந்தாவில் வாசித்துவிட்டான். மாமாவுக்கு முப்பது வருஷப் பீடி. அரை நாள் அங்கே இழவு வீட்டு மௌனம். மொழிபெயர்ப்பால் ஒரு கவிதைக்கு இவ்வளவு சேதம் நேர்ந்து நான் பார்த்ததில்லை. காத்து கருப்பு என்றவர்களும் உண்டு. ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் என்ன என்றார் ஒரு பெரியவர்.

ஆட்டுக்கடையில் தோலுரிப்பதற்காகக் காலில் கீறி வாய் வைத்து ஊதுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தோலுக்கும் தசைக்கும் நடுவே காற்றுக்கு வழி உண்டு. ஓரிடத்தில் நுழைந்தால் மேலே இமை வரை, கீழே விதைப்பை வரை போகும். அங்கே ஊதுகிறவர் கசாப்புக்காரர். இங்கே ஒவ்வொரு மூச்சிலும் மாமா தன்னைத்தானே ஊதிக்கொண்டிருந்தார்.

பார்க்கப் பயங்கரம் இந்த வீக்கம். ஆனால் கொல்லக்கூடியது பெரும்பாலும் இதுவல்ல. விலாக்கூட்டுக்குள் சேர்ந்து நுரையீரலைச் சுருக்கி, இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிற காற்று வெளியே தெரியாது. டாக்டர் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. அக்குளுக்குக் கீழே விலா இடுக்கில் குழாய் செருகினார். தொண்டையை நெரிக்குமளவு போனால்தான் காறையெலும்புக்குக் கீழே சிறு கீறல் போட்டுக் காற்றை விடுவார்களாம். ஆக்ஸிஜனும் உதவும்: ரத்தத்தில் நைட்ரஜன் குறையக் குறைய, தோலடிக் காற்றை உடம்பு சீக்கிரம் உறிஞ்சிக்கொள்கிறது.

குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் முங்கியிருக்கிறது. யந்திரம் அவ்வளவுதான். உள்காற்று குமிழாக வெளியேறும். வெளிக்காற்றைத் தண்ணீர் உள்ளே விடாது. 1875-ல் ஹாம்பர்க் டாக்டர் பூலாவ் நெஞ்சுச் சீழை வடிக்கக் கையாண்ட உபாயம். பாட்டில் நெஞ்சு மட்டத்துக்கு உயர்ந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். குமிழ் வருகையில் குழாயைக் கவ்வி அடைத்தால் காற்று உள்ளேயே அமுக்கும். ஸ்கேனுக்குத் தள்ளிப் போகும்போது ஒரு ஆள் பாட்டிலை மாமாவின் மடியில் வைக்கப் போனார். "அய்யய்யோ, கீழ பிடிப்பா!" என்று அத்தை போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

மூன்று நாளில் அவள் பாட்டிலை வாசிக்கக் கற்றிருந்தாள். இருமும்போது 'முட்டை' வந்தால் ஓட்டை இன்னும் அடையவில்லை. முட்டை நின்று, மூச்சோடு தண்ணீர் மட்டும் குழாயில் ஏறி இறங்கினால் தேவலை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அவளைத்தான் கேட்டார்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அதற்கு முன் பலத்த அடி என்றால் வண்டி திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோதான் கிளம்பும். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததையும், லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ததையும் நாங்கள் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். விலா நொறுங்கிப் பிழைத்துக் கிடந்தவர்கள் அந்த மூச்சை எவ்வளவு தூரம் சுமந்து போனார்கள் என்று நான் யோசித்தது அந்த வார்டு பெஞ்சில்தான்.

வீக்கம் வடியப் பத்து நாள். முதலில் கண் திறந்தது, பிறகு கழுத்து திரும்பி வந்தது. குழாயை எடுத்தபின், கொஞ்ச காலம் விமானத்தில் போகக்கூடாது என்றார்கள். திருச்சிக்கு அப்பால் பஸ்ஸில்கூடப் போயிராத மாமா மரியாதையாகத் தலையாட்டினார். பீடியை விட்டுவிட்டார், அந்த இன்னொரு எம்பஸீமாவுக்குப் பயந்து. நான் விளக்கப் போகவில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். பேரன் மூன்றையும் உறிஞ்சி மேலே நிறுத்துகிறான். மாமாவுக்கு மூன்றாவது இன்னும் ஏறவில்லை.