என் காதுக்கு மட்டும்

கை தவறி நடந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. மடிக்கணினியில் கேபிளைச் செருகி, ஒவ்வொரு வாக்கி-டாக்கியாக, நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை அது.

தைப்பூசத்துக்கு எங்கள் தொண்டூழியர் குழு சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் நிற்கும். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடியும் பால்குடமும் புறப்பட்டு டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் பாதையில் முதல் துண்டு எங்கள் பொறுப்பு. கோயில் வாசல், கிச்சனர் ரோடு முனை, சையது ஆல்வி ரோடு முனை என்று ஆளுக்கோர் இடம். செட்டுகளைக் கடையில் வாடகைக்கு எடுப்போம். அலைவரிசை கடைக்காரருடைய உரிமத்தில் இருப்பதால் அதில் கை வைக்கக் கூடாது. டோனை நாங்களே மாற்றிக்கொள்ளலாம். குழுவில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்படி ஒருவனாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

டோன் என்பது பேச்சோடு சேர்ந்தே போகும் மெல்லிய முனகல். 67 ஹெர்ட்ஸிலிருந்து 254 வரை வரிசையாக இருக்கின்றன. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதைச் செட்டே வடிகட்டிவிடுவதால் நம் காதுக்கு எட்டாது. தனக்குச் சொல்லிவைத்த முனகல் வந்தால்தான் செட்டின் ஸ்பீக்கர் திறக்கும். ரகசியத்துக்கு இது உதவாது. டோனை அணைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் எல்லாவற்றையும் கேட்கலாம். பேசுவதற்கு ஒரு டோன், கேட்பதற்கு வேறு டோன் என்றும் பிரித்து வைக்கலாம். பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வழியாகப் பேசுகிறவர்களுக்கு அது பயன்படும். எங்களிடம் ரிப்பீட்டர் கிடையாது. இருந்தும் பிரித்தேன்.

முந்தைய ஆண்டு எல்லோருக்கும் ஒரே டோன். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். பால்குட வரிசையை இடது பக்கம் திருப்பச் சொல்லி நான் அறிவித்தபோது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண் குறுக்கே வந்து, "அண்ணே, அது காவடிக்கான தடம், வலது பக்கம்தான்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வருஷம் பூராவும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு மற்றவர்கள் எல்லோருக்கும் அனுப்பும் டோன் 88.5, பெறும் டோன் 123.0 என்று வைத்தேன். என் செட்டில் மட்டும் நேர் எதிர். எல்லோர் பேச்சும் எனக்குக் கேட்கும். என் பேச்சு மட்டும் எல்லோருக்கும் கேட்கும். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்காது. அரட்டை குறையும், உறுமியும் தவிலும் முழங்கும் இடத்தில் காதுக்கு ஓய்வு கிடைக்கும் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயம் எவ்வளவு பொய் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. செட்டின் பக்கவாட்டில் மானிட்டர் பொத்தான் இருக்கும். அழுத்தினால் டோன் பார்க்காமல் எல்லாம் கேட்கும். மென்பொருளில் போய் அதையும் செயலிழக்க வைத்தேன். அரட்டையைக் குறைக்க நினைப்பவன் அதுவரை போகமாட்டான்.

நள்ளிரவில் காவடிகள் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒரு பையன் வந்து, "அண்ணே, பச்சை லைட் எரியுது, சத்தமே வரல" என்றான். வேறொருவர் பேசும்போது அலை வந்து சேரும், விளக்கு எரியும். டோன் பொருந்தாததால் ஸ்பீக்கர் திறக்காது. எனக்குத் தெரியும். "இங்க கட்டடம் ஜாஸ்தி, சிக்னல் அடிபடும்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அடுத்தவர் பேசுவது காதில் விழாவிட்டால், லைன் காலியாக இருக்கிறதென்று நினைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவார்கள். எஃப்எம்மில் வலுவான அலை பலவீனமானதை விழுங்கிவிடும். இரண்டும் ஏறக்குறையச் சமமாக வந்தால் கீச்சென்ற ஓசைதான் மிஞ்சும்.

விடியும் நேரத்தில் ஜோகூரிலிருந்து குடும்பத்தோடு வந்த பெரியவர் ஒருவர் கூட்டத்தில் பிரிந்துவிட்டார். ஞாபகம் தடுமாறுகிறவர். சையது ஆல்வி முனையில் எங்கள் ஆள் ஒருவர் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கோயில் வாசலில் அழுதுகொண்டிருந்த அவருடைய மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பல்கலைக்கழகப் பெண்ணும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். இருவருக்கும் நடுவில், கிச்சனர் முனையில், என் காதில் கீச்சு. பத்து நிமிட நடைகூட இல்லாத தூரம். ஒரே டோனாக இருந்திருந்தால் முதல் ஆள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது ஆளுக்கு விஷயம் போயிருக்கும்.

கடைசியில் அவள் செட்டை இடுப்பில் செருகிவிட்டு, பெரியவரின் படத்தைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். பதில் வந்தது. மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் நடந்து போனாள். நான் அப்போதும் செட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "திரும்பச் சொல்லுங்க, ஓவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கூட்டத்தில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. செட் சரியில்லை என்றார்கள். நானும் சரியில்லை என்றேன். திருப்பிக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் பழையபடி ஒரே டோனுக்கு மாற்றி, மானிட்டர் பொத்தானையும் உயிர்ப்பித்து, தடயம் இல்லாமல் செய்திருந்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிப் பார்த்தார். பழுது எதுவும் தெரியாமல் விழித்தார். ஆனாலும் நெடுநாள் வாடிக்கையாயிற்றே என்று வாடகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார். வாங்கிக்கொண்டேன்.

அதற்கடுத்த வருஷம் கடையை மாற்றச் சொன்னவனும் நானே. அந்தக் கடையில் என் முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தது. புதிய செட்டுகளில் எல்லோருக்கும் ஒரே டோன் வைத்தேன். இரவு முழுக்க அரட்டையும் சிரிப்புமாக ஓடியது, எதுவும் தப்பவில்லை. முடிந்தபோது அந்தப் பெண் செட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "இந்தக் கடை செட்டு நல்லாருக்குண்ணே, போன வருஷம் மாதிரி இல்ல" என்றாள்.

"ஆமாம்மா, பாத்துத்தான் எடுத்தேன்" என்றேன்.